படியளக்கிறவர் யார்?

(அறுப்பின் பண்டிகையை ஒட்டி நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'தேவன் தரும் நிறைவுக்கு நன்றி' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் மாணவத் தோழர்கள் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கவனித்தேன். தப்பில்லை. உங்க வயசில் நானும் சிரித்திருப்பேன். இல்லாதவனிடம் போய் 'இருக்கிறதுக்கு நன்றி சொல்லு' என்பது மேலே இருக்கிறவன் காலங்காலமாகச் செய்துவருகிற வேலை. அந்த வேலையை நான் இங்கே செய்ய வரவில்லை. பௌத்தம் தழுவிய தோழர்கள் இருக்கிறீர்கள், கடவுளே வேண்டாம் என்கிற தோழர்களும் இருக்கிறீர்கள். உங்களை யாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொல்லப் போவதில்லை. நம்ம சேரியில், நம்ம சனங்க வாயில் தினமும் புழங்குகிற ஒரு வார்த்தையை எடுத்து, அது யாருக்குப் போய்ச் சேருகிறது, நடுவில் யார் அதைக் கைப்பற்றுகிறார்கள் என்று பார்ப்போம். 'ஸ்தோத்திரம்' என்பதுதான் அந்த வார்த்தை.

எங்கள் வீடு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில். அப்பா படியாள். அம்மா நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று போகும். ராத்திரி அடுப்பிலிருந்து கூழ்ச்சட்டியை இறக்கி வைத்ததும் நாங்கள் ஐந்து பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அம்மா ஜெபம் பண்ணும். சின்ன ஜெபம் கிடையாது. முடிவதற்குள் கூழ் ஆறி ஆடை கட்டிவிடும். மழை பெஞ்சதுக்கு ஸ்தோத்திரம். மழை விட்டதுக்கு ஸ்தோத்திரம். வரப்புல பூச்சி பொட்டு கடிக்காம கூட்டியாந்ததுக்கு ஸ்தோத்திரம். சின்னவனுக்குக் காய்ச்சல் எறங்கினதுக்கு, பக்கத்து வூட்டுக்காரி கைநெறைய உப்பு குடுத்ததுக்கு, கருவாட்டுக்கு, அந்தக் கருவாட்டைப் பூனை தூக்காம வுட்டதுக்கு. இப்படி ஒன்று விடாமல் போகும். நான் ஒரு கண்ணைத் திறந்து சட்டியைப் பார்ப்பேன். அதில் இருப்பது கேழ்வரகுக் கூழ். ஐந்து பிள்ளைக்குப் போக அம்மாவுக்கு அடிச்சட்டிதான் மிஞ்சும். இதற்கு இத்தனை நீளமாக நன்றியா?

பதினேழு வயதில் விடுதியிலிருந்து லீவுக்கு வந்தவன், நாலு புத்தகம் படித்த திமிரில், கேட்டேவிட்டேன். "நீ நட்ட, நீ அறுத்த, நீ அரைச்ச, நீ காய்ச்சின. நடுவுல உன் சாமி என்னா பண்ணிச்சி?"

அம்மா கோபப்படவில்லை. சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "அவருக்குச் சொல்லலன்னா ஆண்டைக்கு இல்லடா சொல்லணும்."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. இன்றைக்கு நான் பேசப் போவதெல்லாம் இதற்கு விரிவுரைதான்.

களத்து மேட்டில் கூலி அளக்கிறபோது என்ன நடக்கும் என்பது உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். நாள் முழுக்க அறுத்து, கட்டுக் கட்டி, தலையில் சுமந்து, அடித்துத் தூற்றிக் குவித்தது நாம். குவியல் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆண்டை. மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை அளப்பார். அம்மா குனிந்து முந்தானையை விரித்து வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு சும்மா வரக் கூடாது. "உங்க புண்ணியம் ஆண்டே" என்று சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். சொல்லாதவளுக்கு நாளைக்கு வேலை இல்லை. அதாவது நம்ம உழைப்புக்கு நமக்கு வர வேண்டிய கூலி, நம் முந்தானையில் விழுகிற அந்த நொடியில் அவருடைய புண்ணியமாக மாறிவிடுகிறது. கூலி தர்மமாகிறது. உழைத்தவள் கடன்காரி ஆகிறாள். அந்த மரக்காலிலும் ரெண்டு உண்டு. வாங்குகிற மரக்கால் ஒன்று, கொடுக்கிற மரக்கால் ஒன்று. கொடுக்கிறது உள்ளே கொஞ்சம் குறுகியிருக்கும். அளவையைச் சிறிசாக்கி ஏழையை விழுங்குகிறவர்களைப் பற்றி ஆமோஸ் தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் திட்டுகிறான். முதல் தடவை அதைப் படித்தபோது, இவன் எங்கள் களத்து மேட்டுக்கு வந்திருக்கிறான் போலிருக்கிறதே என்று தோன்றியது.

'படியளக்கிற சாமி' என்று கடவுளைச் சொல்கிறோம். அதே வார்த்தையை ஆண்டைக்கும் சொன்னோம். படி அளந்ததால் அவர் தெய்வம், படி வாங்கியதால் நாம் படியாள். 'ஆண்டவர்' என்பதும் 'ஆண்டை' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். ரெண்டுமே ஆளுகிறவனைக் குறிப்பவை. பிரசங்கத்தில் 'ஆண்டவர்' என்று கேட்கும்போதெல்லாம் நம்ம சனங்க மனசில் ஒரு ஓரத்தில் கயிற்றுக் கட்டில் தெரிந்திருக்காது என்று யாராவது சத்தியம் பண்ண முடியுமா? (போதகரை நாம் 'ஐயர்' என்று கூப்பிட்டது தனிக் கதை. அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.)

இந்த இடத்தில்தான் அம்மா சொன்னதன் கனம் தெரிகிறது. களத்து மேட்டில் பிடுங்கப்பட்ட நன்றியை அது ராத்திரி அடுப்படியில் திருப்பி எடுத்துக்கொண்டது. 'படியளந்தது நீ இல்லடா. மழையும் மண்ணும் என் கையில் தெம்பும் வேற எடத்துலேர்ந்து வந்துது. நீ குறுக்க நின்னு அளந்தவன், அவ்ளோதான்.' இதை ஆண்டையின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. கூழ்ச்சட்டிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பட்டியல் போட்டு, பூனையைக்கூட விடாமல் எண்ணி எண்ணிச் சொன்ன அத்தனை ஸ்தோத்திரத்திலும் ஆண்டை பெயர் ஒரு தடவை வந்ததில்லை. நான் அத்தனை வருஷம் காது கொடுத்துக் கேட்டும் அதைக் கவனிக்கவில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாமெல்லாம் பரட்டை அண்ணன் என்று கூப்பிட்டவர், 2005ல் நம்மைவிட்டுப் போனார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். ஆண்டவர் அல்ல, பெத்தவர். யோசித்துப் பாருங்கள். ஆண்டை சோறு போட்டால் அது தர்மம். பெத்தவங்க சோறு போட்டால்? எந்தப் பிள்ளையும் முந்தானை விரித்துக்கொண்டு நிற்காது. 'எங்கே என் பங்கு?' என்று தட்டைத் தட்டும். பிள்ளைகளுக்குள் ஒருத்தன் மற்றவன் பங்கைத் தின்றால் பெத்தவள் சும்மா இருக்க மாட்டாள். நன்றிக்கும் உரிமைக்கும் சண்டையே இல்லாத ஒரே இடம் அந்த அடுப்படி.

சரி. ஊர்க்காரன் நம்மைப் பார்த்துக் காலங்காலமாகச் சொல்கிற ஒரு வசைக்கு வருகிறேன். 'சோத்துக்கு மதம் மாறினவனுங்க.' கல்லூரியில் படிக்கிறவர்கள் இதையே 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று நாகரிகமாகக் கேட்டிருப்பீர்கள். தாது வருஷப் பஞ்சத்தின் போது, 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் சனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். செத்தவர்களில் கூலிக்காரச் சாதிகள்தான் அதிகம். அந்தச் சமயத்திலும் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. கடவுள் தராததால் வந்த சாவு இல்லை அது. வாங்கக் காசில்லாதவன் செத்தான். ஒங்கோல் பக்கத்தில் இருந்த ஜான் கிளாஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி பக்கிங்காம் கால்வாய் வெட்டுகிற வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர்கள். சும்மா அரிசி கொடுக்கவில்லை. மண் வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை, சோற்றுக்கு வந்தான் என்று பேச்சு வரும் என்பதற்காகவே, பஞ்ச வேலை முடிகிறவரை அவர் காக்க வைத்தார். அதற்குப் பிறகுதான், 1878 ஜூலை 3ஆம் தேதி, ஒரே நாளில் 2,222 பேர் தண்ணீரில் இறங்கினார்கள்.

இதைச் சொல்வது மிஷனரிக்கு மாலை போட அல்ல. வசை பேசுகிறவனுக்குப் பதில் சொல்லவும் அல்ல. நான் கேட்பது வேறு. சோற்றுக்காக ஒருத்தன் சாமியை மாற்றினான் என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன கேவலம்? சோறு போடாத சாமியை, சோற்றைப் பறிக்கிறவனுக்குக் காவல் நிற்கிற சாமியை, ஒருத்தன் ஏன் வைத்திருக்க வேண்டும்? பைபிளில் எகிப்திலிருந்து கிளம்பிய அடிமைகளும் பாலும் தேனும் ஓடுகிற நிலம் என்று கேட்டுத்தான் கிளம்பினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மதம் மாறினால் சோறு கிடைக்கும் என்று ஊர் சொல்கிறது. மதம் மாறினால் சோறு போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவன் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் வெளியில் நிற்கிறார்கள். சூசை என்ற ஆதிதிராவிடர், சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். செருப்புத் தைக்கிற தொழிலாளிகளுக்கு இலவசமாக ஒரு பெட்டிக்கடை கொடுக்கிற திட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்கிற இந்துவுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவுக்குத் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985ல் தள்ளிவிட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை எடுத்துவிடச் சொல்லி 2007ல் அறிக்கை கொடுத்தது. 2022ல் மறுபடியும் ஒரு ஆணையம் போட்டார்கள். சூசை கேட்டது ஒரு பெட்டிக்கடை. ஆதாரம் வேண்டும் என்றவர்கள் நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நடுவே ஓடுகிற சுவரை வந்து பார்த்திருக்கலாம்.

அந்தச் சுவர் நம்மைப் பண்டிகைக்குக் கொண்டுவருகிறது.

அறுப்பின் பண்டிகையைத் தெற்கே திருநெல்வேலிப் பக்கம் அசனத்தோடு கொண்டாடுவார்கள். எங்கள் பக்கம் காணிக்கையும் ஏலமும். அம்மா வருஷம் முழுக்க உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும். பிடியரிசிக் காணிக்கை. உலையில் போட அரிசியே இல்லாத நாளில் கேழ்வரகு மாவு ஒரு பிடி. அதோடு அறுப்புக் கூலியில் ஒரு மரக்கால் நெல், கூரை மேல் படர்ந்த பூசணி ஒன்று, ஒரு வெடைக்கோழி. கிராம சபைக்காரர்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு டவுன் கோயிலுக்கு நடப்போம். டவுன் சபையில் வேறு சாதிக் கிறித்தவர்களும் உண்டு, உத்தியோகக்காரர்கள்.

ஆராதனை முடிந்து ஏலம். மைக்கில் ஒருத்தர் கூவுவார். எங்கள் வெடைக்கோழி சந்தை விலையைப் போல மூணு மடங்குக்குப் போனது. ஏலம் எடுத்த ஐயாவின் பெயரை மைக்கில் சொல்லி, அவருடைய தாராளத்துக்காகக் கை தட்டினார்கள். கோழியைக் கொண்டுவந்தவளின் பெயரைச் சொல்லவில்லை. கிராம சபைகள் என்று மொத்தமாக ஒரு வார்த்தை. வாங்கினவன் கொடுத்தவன் ஆனான், கொடுத்தவள் காணாமல் போனாள். களத்து மேட்டில் நடந்த அதே மந்திரம் பீடத்துக்கு முன்னாலும் நடந்தது. ஏழை விதவை போட்ட ரெண்டு காசைப் பற்றி அன்றைக்குப் பிரசங்கம் வேறு. விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு திட்டி முடித்த கையோடுதான் அந்தக் காசைக் காட்டுகிறார் என்பதைப் பிரசங்கியார் தாண்டிப் போய்விட்டார். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரம், வீட்டுக்குப் போய்ச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

பிறகு சாப்பாடு. முதல் பந்தி, ரெண்டாம் பந்தி. கிராமத்துச் சனங்களுக்கு மூணாவது பந்தி, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம். போகச் சொல்லி யாரும் அதட்டவில்லை. 'நீங்க செத்த இருங்க' என்று அன்பாகத்தான் சொன்னார்கள். எங்கள் முறை வந்தபோது குழம்பு தீர்ந்து ரசம்தான். எங்கள் பூசணிக்காய்க் கூட்டு எங்களுக்கு இல்லை. திரும்பி வரும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வழக்கம்போல ஜெபம் பண்ணியது, ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கு அதைக் கேட்டு வயிறு எரிந்தது.

ஆனால் அடுத்த வருஷம் அம்மா கோழியை டவுனுக்குத் தூக்கவில்லை. தெருக்கோடியில் ஒரு கிழவி ரெண்டு மாசமாகப் படுக்கையில் கிடந்தாள். கோழியை அடித்துக் குழம்பு வைத்து, பிடியரிசியில் சோறாக்கி, அவள் வாசலில் பத்து பிள்ளைகளை உட்கார வைத்துப் போட்டது. காணிக்கை எங்கே என்று கேட்க வந்த உபதேசியாரிடம், "சேந்துடுச்சிங்க ஐயா" என்றது. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்று ஞாபகம்.

இப்போது வேதாகமத்தில் முதற்பலன் படைக்கிற இடத்துக்கு வாருங்கள். உபாகமம் இருபத்தாறு. கூடையில் விளைச்சலை வைத்துக்கொண்டு போகிறவன் சும்மா வைத்துவிட்டு வர முடியாது. வாய்விட்டு ஒரு கதை சொல்ல வேண்டும். என் முன்னோர் நாடோடி, எகிப்தில் அடிமையாகக் கிடந்தோம், ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கடவுள் கேட்டார், வெளியே கொண்டுவந்தார், இந்த நிலத்தைக் கொடுத்தார், அதில் விளைந்தது இது. நன்றி என்றால் அதுதான். அடிமைப்பட்டதை மறக்காமல் சொல்வது. 1981ல் பெங்களூரில் தலித் இறையியலுக்குப் பிள்ளையார்சுழி போட்ட (இந்தச் சொல்லுக்கு மன்னிக்கவும்) அர்விந்த் நிர்மல் இந்தப் பகுதியைத்தான் எடுத்து தலித்துகளின் வரலாற்று அறிக்கையாக வாசித்தார். நம்ம பண்டிகைகளில் கூடை மட்டும் போகிறது. கதை போவதில்லை. 'அடிமையாய் இருந்தோம்' என்று பீடத்துக்கு முன்னால் சொன்னால், 'யாரிடம்?' என்று கேள்வி வரும். அப்படிக் கேட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் நெளிய வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. அந்தக் கூடைக்காரன் கடைசியில் 'இந்த நிலத்தைக் கொடுத்தார்' என்கிறான். எங்கம்மா கூடையில் நெல் இருந்தது. நெல் விளைந்த நிலம் அதனுடையது இல்லை. பாதிக் கதையோடு நிற்கிறது நம்ம கூடை.

மீதிக் கதை செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. இங்கே கலெக்டராக இருந்த டிரமன்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891ல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892ல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. கையில் இருப்பது எவ்வளவு என்று உங்கள் உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ரெண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். இன்னொருவர் பெயர் ஏழுமலை. பேரைக் கேட்டு, சான்றிதழ் பார்த்துச் சுடவில்லை.

'கடவுள் நிறைவாகக் கொடுத்திருக்கிறார்' என்று சொன்னால் அந்த வாக்கியம் அங்கே முடிந்துவிடக் கூடாது. நிறைவாகத்தான் கொடுத்திருக்கிறார். நான் அதை நம்புகிறேன். மேல்மருவத்தூரிலிருந்து காஞ்சிபுரம் வரை ஏரிப் பாசனத்தில் விளைகிற நெல்லைப் பார்த்தவன் எவனும் இந்த மண்ணில் பற்றாக்குறை என்று சொல்ல மாட்டான். அப்படியானால் எங்கள் சட்டியில் ஏன் அடிக்கூழ்? நிறைவுக்கு நன்றி சொல்கிறவன் அடுத்த மூச்சில் இதைக் கேட்டே ஆக வேண்டும். கர்மவினை என்று சொல்கிறவன்தான் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியும். கொடுத்தவர் குறை வைக்கவில்லை என்றால், நடுவில் எடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான்.

வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் அதை அற்புதமாக மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அது ஒரு பங்கீட்டுச் சட்டம். தலைக்கு ஒரு ஓமர் அளவு. ஓடி ஓடிப் பொறுக்கினவனுக்கும் மிஞ்சவில்லை, முடியாமல் கொஞ்சம் பொறுக்கினவனுக்கும் குறையவில்லை. நாளைக்கு என்று பதுக்கினவன் பானையில் புழு வைத்து நாறியது. இப்போது பெரிய மைதானங்களில் ஆசீர்வாதக் கூட்டம் போடுகிறார்களே, அங்கே மேடையேறிச் சாட்சி சொல்கிறவர்களைக் கேளுங்கள். கார் கொடுத்தார், ரெண்டாவது வீடு கொடுத்தார், ஸ்தோத்திரம். புழு வைத்த பானையைத் தூக்கிக்காட்டி ஸ்தோத்திரம் சொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நம்ம சேரிச் சனங்களும் பஸ் பிடித்துப் போய், நமக்கு ஏன் கிடைக்கவில்லை, விசுவாசம் போதவில்லையோ என்று அழுதுகொண்டு வருகிறார்கள். இது களத்து மேட்டைவிடக் கொடுமை. அங்கே கூலியைத்தான் பிடுங்கினான். இங்கே பசியையும் நம் குற்றமாக்கிவிடுகிறான். பரமண்டல ஜெபத்தில் அப்பம் கேட்கிற இடத்தில் 'எனக்கு' என்று இல்லை, 'எங்களுக்கு' என்றுதான் இருக்கிறது. அதுவும் அன்றைக்கு வேண்டியது. (அப்பம் என்பதற்குப் பதில் கூழ் என்று மொழிபெயர்த்திருந்தால் எங்கம்மா இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கும்.)

அரசாங்கமும் இந்த நன்றிக்கு அலைகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். நல்ல காரியம். அந்த அரிசியில்தான் பல சேரிகளில் உலை கொதிக்கிறது, அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்த 'இலவசம்' என்கிற சொல்லில் மறுபடியும் மரக்கால் எட்டிப் பார்க்கிறது. பையில் தலைவர் படம். வோட்டு கேட்க வரும்போது 'நாங்க குடுத்தோம்' என்கிறார்கள். யார் விளைவித்தது, யார் வரியில் வாங்கியது என்று கேட்டால் நன்றி கெட்டவன். நம்மளை நன்றி கெட்டவன் என்று முதலில் சொன்னவன் ஆண்டைதான், படியாள் கூலி உயர்வு கேட்ட அன்றைக்கு.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இந்திய கிறித்தவர்கள் சமூக அநீதியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று அம்பேத்கர் வைத்த குற்றச்சாட்டுக்கு இன்றுவரை நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. ஸ்தோத்திரம் சொல்லியே வாயை மூடிக்கொண்ட வருஷங்கள் நிறைய. எங்கம்மாவின் ஜெபம் ஆண்டையை மனசுக்குள் இறக்கி வைத்தது உண்மை. கயிற்றுக் கட்டிலிலிருந்து அவரை இறக்கவில்லை. அம்மா சாகிறவரை களத்து மேட்டில் "உங்க புண்ணியம்" என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. அடுப்படியில் மட்டும் சொன்னதை வெளியில் எடுத்துவந்து சொல்வது நம் தலைமுறையின் வேலை. பரட்டை அண்ணன் 'ஒரே உலை' என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். ஆளுக்கொரு சட்டியில் ஆக்கித் தனித்தனியாக நன்றி சொல்லாதே. எல்லாரும் கொண்டுவந்து ஒரே உலையில் கொட்டு, ஒரே பானையிலிருந்து தின்னு. சாதி முதலில் உடைய வேண்டிய இடம் அந்த உலை.

எங்கள் ஊரில் போன வருஷத்துப் பண்டிகையைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது அறுப்பு மெஷின் வந்துவிட்டது. கதிர் பொறுக்கக்கூட வயலில் ஒன்றும் மிச்சமில்லை. கூலி வேலை கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டது. நெல் இல்லாமல் எதைப் படைப்பது என்று வாலிபர் சங்கத்தில் பேச்சு வந்தது. ரேஷன் அரிசியில் பிடி எடுத்தோம். கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஒரு நாள் சம்பளம் போட்டார்கள். டவுனுக்குக் கொண்டுபோக வேண்டாம், நம்ம கோயில் வாசலிலேயே உலை வைப்போம் என்று முடிவானது. மாரியம்மன் கோயில் தெருவில் இருக்கிற நம்ம சனங்களும் அரிசியோடு வந்தார்கள். ஏலம் கிடையாது, பந்தி கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய 'அ' பதிவேட்டு நகலை ஒரு தம்பி கூடையில் வைத்தான். எங்கள் ஊர் எல்லையில் பஞ்சமி என்று பதிவான நிலத்தின் சர்வே எண்கள் அதில் இருக்கின்றன. அங்கே இன்றைக்குக் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். கூடையைப் பீடத்தில் வைத்தபோது, எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி யாரும் சொல்லிக் கொடுக்காமல், அவள் மாமனார் எந்த மேட்டில் ஏர் ஓட்டினார், யார் வந்து எப்படிக் கைநாட்டு வாங்கினார்கள் என்று நின்றபடி சொல்ல ஆரம்பித்தாள். அரைமணி நேரம் சொன்னாள். போதகர் பிரசங்கக் குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கடைசியில் பாட்டி 'ஸ்தோத்திரம்' என்றாள். எல்லாரும் சொன்னோம், மாரியம்மன் தெருக்காரர்கள் உட்பட.

மனுவை வட்டாட்சியரிடம் கொடுத்து எட்டு மாசம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டியும் வருகிறாள். மாணவத் தோழர்கள் வர முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். கூழ் கொண்டுவருகிறோம். கருவாடும் இருக்கும்.